கோவில்பதாகை ஜன்னலில் ஒரு சாவி

பூந்தமல்லி பக்கம் ஒரு கார் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிற ரேவதி போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். மாடியில் நின்றுகொண்டு கைப்பேசியை ஒரு தட்டு தட்டுகிறாள். கீழே நிற்கிற கார் விளக்கைச் சிமிட்டிவிட்டு ஓட ஆரம்பிக்கிறது. கூடவே ஒரு குரல் பதிவு. "அக்கா, இதெல்லாம் நாம அப்பவே பண்ணதுதானே? அந்தக் கோவில்பதாகை வண்டியப் பத்தி எழுதுங்க. நம்ம குரூப்ல எல்லாரும் கேக்கறாங்க."

நாம என்கிறாள். அந்த வேலை நடந்தபோது அவள் எங்கள் கம்பெனியில் சோல்டர் புகைக்குப் பயந்து பொட்டலம் கட்டும் பிரிவில் ஒளிந்துகொண்டிருந்தாள். போகட்டும், பெரிய மனசு பண்ணி அவளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் காதுக்கு வந்தது ஒரு சத்தம்தான். வெயில் தாழ்ந்த நேரம், ஏரிப் பக்கமிருந்து காற்று வருகிற ஒரு சந்து, அங்கே உள்ளே ஆளில்லாத ஒரு அம்பாசிடர் செல்ஃப் எடுக்கிற சத்தம். அதற்குப் பின்னாலிருந்துதான் மனிதர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எங்கள் பேச்சில் எஸ்டேட்டில், காயில் சுற்றுகிற வேலைக்குச் சேர்ந்தேன். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஒரு உருளையிலிருந்து இன்னொரு உருளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். மிஷின் ஒரே சுதியில் முனகும். கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், மனசு எங்கேயோ திருமுல்லைவாயல் தாண்டிப் போய்விடும். கனவு கண்டுகொண்டே சம்பளம் வாங்க முடிந்த ஒரே இடம் அதுதான். பிறகு அந்தக் காயிலை வைத்துச் செய்கிற ரிலேக்களை, மின்சாரத்தால் திறந்து மூடுகிற குட்டி சுவிட்சுகளை, சோதிக்கிற மேஜை. தொண்ணூறுகளில் எங்கள் கம்பெனி கார்களுக்கு அலாரமும் சென்ட்ரல் லாக்கும் செய்ய ஆரம்பித்தபோது, வாசலில் ஒரு கொட்டகை போட்டுப் பொருத்தும் பிரிவு என்று வைத்தார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் நுழைய ஒல்லியான ஆள் வேண்டும் என்றதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொம்பளை எப்படி வண்டிக்கு அடியில் போவாள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். தலையை உள்ளே விட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அந்தப் பிரிவுக்கு சூப்பர்வைசர் சம்பந்தம் சார். கும்பகோணம் பக்கத்துக்காரர். எஸ்டேட்டுக்கு வந்து அத்தனை வருஷமாகியும் எங்கள் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவே இல்லை. எல்லோருக்கும் வாங்க, போங்கதான். எந்த வண்டி வந்தாலும் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, பூஜை அறைக்குள் போகிற மாதிரி டிரைவர் சீட்டில் போய் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த வண்டிக்காரருக்குக் கை எங்கே போகும், கால் எங்கே போகும் என்று பார்க்கிறாராம். வண்டிக்காரர் வெளியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "சார் குட்டித் தூக்கம் போட்டுட்டாரு" என்று எங்கள் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். சில நாள் நிஜமாகவே தூங்கியும் இருக்கிறார். மூச்சு காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிநாட்டுப் பெட்டிகளோடு வருகிற காகிதத்தில் டிரிகர் என்று ஒரு ஒயரைக் குறித்திருப்பார்கள். சார் அதை உசுப்பு என்பார். எங்கள் கொட்டகையில் எல்லோருக்கும் அது உசுப்பு ஒயர்தான். பெட்டிக்குள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். அந்த ஒரு ஒயரில் எர்த்தைத் தொட்டுக் காட்டினால் போதும், எல்லாம் எழுந்துகொள்ளும். "எதையும் உசுப்புறதுக்கு முன்னால அது எப்படித் தூங்குதுன்னு பாருங்கம்மா" என்பார். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு நாள் தனசேகர் என்று ஒருவன் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். எஸ்டேட்டிலேயே ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். பெட்டிக்குள் ரிமோட்டில் காரை ஸ்டார்ட் செய்கிற சாமான் இருந்தது.

"எங்க மாமாவுக்குக்கா. அவுரு பையன் துபாய்லேர்ந்து அனுப்சிகீறான். ஊட்டுக்குள்ள இருந்துகினே வண்டிய ஸ்டார்ட் பண்லாமாம்."

"வண்டிய இங்க எட்த்துனு வா" என்றேன்.

"வண்டி வரும்க்கா. மாமா வரமாட்டாரு. அவுரு படுத்துகினு கீறாரு. நீ ஒரு தபா அங்க வந்து பாத்தாதான் தெரியும்."

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில், ஏரிக்கரைக்குப் போகிற சந்தில் அந்த வீடு. மாமாவின் பெயர் ஏகாம்பரம். ஆவடி ஃபாக்டரியில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வீடு கட்டி, மிச்சத்தில் ஒரு பழைய அம்பாசிடரும் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு ஒரு காலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூடவே பேச்சும் போய்விட்டது. முன்னறையில் ஜன்னலை ஒட்டி இரும்புக் கட்டில். அதில் சாய்ந்தபடி அவர் என்னையும் நான் கொண்டுபோன பையையும் மாறி மாறிப் பார்த்தார். ஆட்களை எடைபோடுகிற பார்வை. டிரைவர்களுக்கு அது போகாது.

அவர் மனைவி பாக்கியம் வெள்ளானூர்க்காரர். அவருடைய தம்பிதான் தனசேகர். பாக்கியம் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவராக இருப்பார். பார்த்த உடனே அக்கா என்று கூப்பிட வந்தது.

"நைசா எறங்கிப் பூட்றாரு சுலோ" என்றார், என் பெயர் சுலோச்சனா என்று கேட்டுக்கொண்ட அடுத்த நிமிஷமே. "நான் கொல்லையில துணி தொவச்சிகினு இருப்பேன். தொப்புனு சத்தம் கேக்கும். ஓடியாந்து பாத்தா வாசப்படிகிட்ட வுழுந்து கெடப்பாரு. ரெண்டு தபா ஆயிடிச்சி. இன்னொரு தபா வுழுந்தா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வரவே வேணாம்னு டாக்டரு சொல்லிட்டாரு."

"எங்கதான் போறாரு?"

"வேற எங்க? தோ, அதுங்கிட்டதான்." ஜன்னலுக்கு வெளியே நின்ற அம்பாசிடரை முகவாயால் காட்டினார். "உள்ளேர்ந்தே ஸ்டார்ட் பண்ணா எறங்க மாட்டாருல்ல? அதுக்குத்தான் எம் பையன் அனுப்சிகீறான். எப்டியாவது பண்ணிக் குடுத்துரு."

ஆக, எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை காருக்கானது என்று சொல்ல முடியாது. ஒரு மனிதர் கட்டிலை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இறங்கினால் விழுவார். விழுந்தால் அவ்வளவுதான்.

ரிமோட்டை அவருடைய இடது கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூலையில் வீசினார். "காலிங் பெல்லு ஒண்ணு வெச்சிக் குடுத்தோம். அதையும் இப்டித்தான் வுட்டெறிஞ்சாரு" என்றான் தனசேகர். "பெல் அடிச்சி ஆளக் கூப்புடுறது ஆபீசருங்க வேலையாம். நல்லா கீறப்பவே அப்டித்தான் சொல்லுவாரு." நான் ரிமோட்டைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, ஏகாம்பரம் தலையணைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தார். கார் சாவி. இடது கையில் அதைப் பிடித்து, காற்றில் ஒரு திருப்பு திருப்பிக் காட்டினார்.

எஸ்டேட்டுக்குத் திரும்பி சாரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவர் கட்டில்ல உட்கார்ந்து பார்த்தீங்களா?" என்றார்.

அடுத்த முறை போனபோது, அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தனசேகர் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தான். பாக்கியம் அக்காவிடம் கேட்டுவிட்டு அந்தக் கட்டிலில் ஏறிச் சாய்ந்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணை மூடினேன். ஏரிக்காற்று ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வந்து முகத்தில் பட்டது. எங்கேயோ ஒரு தையல் மிஷின் ஓடியது. இடது கை தானாகப் போய் ஜன்னல் சட்டத்தின் மேல் விழுந்தது. கண்ணைத் திறந்தால் ஒரு பக்கம் காரின் மூக்கு தெரிந்தது, தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் சமையலறை நிலைவாசல் தெரிந்தது. அன்றைக்கு அந்த இரண்டாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உசுப்பு எது என்று முடிவாகிவிட்டது. அவர் சாவிக்கே பொருந்துகிற பழைய அம்பாசிடர் பூட்டு ஒன்றைத் தேடி வாங்கி, அந்த ஜன்னல் சட்டத்தில், அவர் கை விழுகிற இடத்திலேயே பதித்தேன். திருப்பினால் ஒரு சின்ன எதிர்ப்பு, விட்டால் தானாகத் திரும்பி வரும். காரில் உட்கார்ந்து திருப்புகிற அதே உணர்வு. ரிமோட்டின் வயிற்றைப் பிரித்து, அதன் பொத்தானுக்குப் போகிற இரண்டு முனைகளையும் இந்தப் பூட்டோடு இணைத்தேன். அந்தப் பெட்டிக்கு அடுத்தடுத்து இரண்டு அழுத்து வேண்டும். ஒரு திருப்பை இரண்டு தொடுதலாக மாற்ற ஒரு குட்டி ரிலே வைத்தேன், நான் சுற்றிய காயில்தான் அதிலும். ஏகாம்பரம் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பூட்டில் சாவி நுழைந்ததும் அதைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார்.

சோதனை நாளில் சம்பந்தம் சாரும் வந்தார். வீட்டுக்குப் போய்ப் பொருத்துகிற வேலைக்கு அவர் வருவதே அபூர்வம். எல்லோரையும் உள்ளேயே இருக்கச் சொன்னோம். நான் ஜன்னலிடம் நின்று தனசேகரிடம் கேட்டேன்.

"வண்டி ஃப்ரீயா?"

"ஃப்ரீதான்க்கா."

ஏகாம்பரம் சாவியைத் திருப்பினார். செல்ஃப் எடுத்தது. எடுத்த அதே நொடியில் வண்டி முன்னால் பாய்ந்து, விட்டு விட்டு நகர்ந்தது. சமையலறைப் பக்கமிருந்து "தோ வந்துட்டேன்" என்று ஒரு குரல் வந்தது. கொல்லைப்புற வழியாகச் சுற்றிக்கொண்டு பாக்கியம் அக்கா அதற்குள் காரின் மூக்குக்கு நேரே ஓடி வந்துவிட்டார். நடுவில் இருந்த தண்ணீர் டிரம்மை வண்டி முட்டி உருட்டியது, குலுங்கியது, நின்றது. டிரம்மிலிருந்த தண்ணீர் முழுக்க அவர் புடவையில். அவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

எங்கள் கொட்டகையில் வண்டி ஃப்ரீயா என்றால் கியர் விழாமல் இருக்கிறதா என்று அர்த்தம். தனசேகருக்கு அது, இன்றைக்கு யாருக்கும் வண்டி தேவையில்லையே என்கிற கேள்வி. யாருக்கும் தேவையில்லை, அதனால் ஃப்ரீதான். ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டி என்பதால் அவன் எப்போதும் செய்கிறபடி முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தான். இந்த ஊரில் பாதி வண்டி அப்படித்தான் நிற்கிறது. அந்தப் பெட்டியைச் செய்த நாட்டில் யாரும் கியரில் போட்டு நிறுத்துவதில்லை, அங்கே வண்டிகளுக்குக் கியரே தானாக விழுமாம். அதைக் கேட்டபோது எனக்குத் தனசேகர் மேல் வந்த கோபம் முழுக்க அந்தக் காகிதத்தின் மேல் திரும்பியது. இத்தனை பக்கம் அச்சடித்தவர்கள் இதை ஒரு வரி கொட்டை எழுத்தில் போட்டிருக்கக் கூடாதா?

சம்பந்தம் சார் போய் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்மா. ஒயர் தப்பில்லை, பெட்டியும் தப்பில்லை. கியர் வண்டிக்கு இது ஆகாது. கழட்டிடுங்க."

ஜன்னலுக்குள் பார்த்தேன். ஏகாம்பரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். அந்த டிரம் மட்டும் இல்லாவிட்டால், தன் கையாலேயே திருப்பி, தன் பெண்டாட்டி மேல் வண்டியை விட்டிருப்பார். சாவியைப் பூட்டிலிருந்து உருவிக் கட்டிலில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். அன்றைக்கு வைத்த சோற்றைத் தொடவில்லை.

நான் சமையலறைக்குப் போனேன். பாக்கியம் அக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்து எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளேயே இருங்கன்னு சொன்னேனேக்கா. எதுக்கு வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? கால் வந்துடிச்சி." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "இத்தினி வருசத்துல அந்தாளு ஒரு நாளு என் பேரச் சொல்லிக் கூப்ட்டது கெடையாது தெரியுமா? ஏய், இந்தா, ஒண்ணும் கெடையாது. குவாட்ரஸ்ல இருக்கச்சொல்ல ஃபாக்டரி ஜீப்பு. அப்பால இந்த வண்டி. எங்கனா போவணும்னா போயி ஸ்டார்ட் பண்ணிடுவாரு. அந்தச் சத்தம் கேட்டா நான் கொசுவத்த சொருகிகினே ஓடியாருவேன், தோ வந்துட்டேன்னு. அதான் கூப்புடுறது. வேற கூப்புடுறதே கெடையாது."

டம்ளரை வாயருகே கொண்டுபோன நான் அப்படியே வைத்துவிட்டேன். ஏகாம்பரம் கட்டிலை விட்டு இறங்கி எங்கே போகிறார் என்று எல்லோரும் கேட்டோம். காருக்குப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதற்குப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும், முதுகு வலிக்கிறது, பயமாக இருக்கிறது, எதுவாக இருந்தாலும் அவருக்கு மனைவியைக் கூப்பிட வேறு வழி தெரியாது. அதற்காகத்தான் விழுந்து விழுந்து போயிருக்கிறார். அக்கா சொல்லிக்கொண்டே போனார்.

"அந்த வண்டில லெப்ட்டு கதவு ஒரு சனியன். தூக்கி இழுத்தாதான் தொறக்கும், எனக்கு வராது. அவுரே எறங்கி சுத்தி வந்து தொறந்து வுடுவாரு. வண்டி அதும்பாட்டுக்கு ஓடிகினே கெடக்கும்."

வண்டி அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே கிடக்கும். இறங்கிச் சுற்றி வருவார். அந்த வரியைத்தான் நான் எஸ்டேட் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் நின்றபடியே பாதித் தூக்கம். திருமுல்லைவாயல் தாண்டும்போது விழித்துக்கொண்டேன். என்ஜின் ஓடும்போது ஒருவர் வண்டியை விட்டு இறங்குகிறார் என்றால் அந்த வண்டி கியரில் இருக்க முடியாது. கியரில் இருந்து கிளட்சை விட்டால் ஒன்று பாயும், அல்லது நின்றுபோகும். ஆக, ஆள் இறங்குவதே சோதனை. யாரையும் ஃப்ரீயா என்று கேட்கத் தேவையில்லை.

மறுநாள் சாரிடம் சொன்னேன். கழற்றச் சொன்னதைக் கழற்றாமல் வந்து நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். முகத்தைக் கடுப்பாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், எப்படித் தூங்குதுன்னு பார்க்கச் சொன்னீங்களே. தூங்க வைக்கிறதையே நாம வைப்போம். வண்டி ஓடிட்டு இருக்கும்போது ஹேண்ட்பிரேக்கப் போடணும், ஒரு பட்டன அழுத்தணும், சாவிய எடுக்கணும். ரிலே பிடிச்சுக்கும், வண்டி ஓடிட்டே இருக்கும். அப்புறம் ஆள் இறங்கிக் கதவச் சாத்தணும். சாத்தினப்புறம்தான் வண்டி நிக்கும். அப்படித் தூங்கின வண்டிய மட்டும்தான் ஜன்னல் சாவி உசுப்பும். உசுப்பினாலும் கொஞ்ச நேரம் ஓடிட்டு, தானா நின்னு மறுபடி தூங்கிடும். தூங்கினப்புறம் யாராவது ஒரு கதவத் தொறந்தாலும், பிரேக்க விட்டாலும் ரிலே விட்டுடும், ஓடிட்டு இருந்தா நின்னுடும். மறுபடியும் தூங்க வைக்கிற வரைக்கும் உசுப்பு வேலை செய்யாது."

அவர் ஒரு தாளில் நான் போட்டிருந்த படத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று மூச்சைக் கவனித்தேன். இல்லை. அவருடைய இடது கால் மேஜைக்கு அடியில் இல்லாத கிளட்சை மிதித்து, மெதுவாக விட்டது.

"ஹேண்ட்பிரேக்கை முதல்ல டைட் பண்ணுங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து அந்த ஃபியூஸை எடுத்து என் கையில் வைத்தார்.

கதவுத் தூணில் விளக்குக்காக ஏற்கெனவே சுவிட்ச் இருந்தது. மற்றக் கதவுகளுக்கும் வைத்தேன். ஹேண்ட்பிரேக்குக்கு ஒன்று. எல்லாம் முடிந்ததும் சார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். முதலில் வேண்டுமென்றே கியரில் போட்டு ஏமாற்றப் பார்த்தார். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. ஜன்னல் சாவியைத் திருப்பினோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முறையாகச் செய்தார். சாவியை உருவிய பிறகும் வண்டி ஓடியது. இறங்கினார். வெறுங்காலோடு நின்று மெதுவாகக் கதவைச் சாத்தினார். வண்டி ஒரு மூச்சு விட்டுவிட்டு அடங்கியது. பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி அவர் இரண்டடி பின்னால் வைத்தார்.

"தூங்கிடுச்சும்மா" என்றார்.

இனி தினமும் அதைத் தூங்க வைக்க ஆள் வேண்டுமே. தனசேகரை நம்புவதாக இல்லை. பாக்கியம் அக்காவை வலது பக்கக் கதவைத் திறந்து உட்காரச் சொன்னோம். "அய்ய, அது அவுரு சீட்டு" என்று பின்வாங்கினார். அப்புறம் ஏறி, சீட்டின் விளிம்பில் பாதி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைத் தொடாமல், மாற்றுச் சாவியை வைத்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். இறங்கிக் கதவைச் சாத்தும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். தூங்கு, தூங்கு என்றுதான் சொல்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆனால் ஏகாம்பரம் சாவியைத் தொடவில்லை. இப்போது வண்டி பாயாது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தோம். சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். சாவியை நான் பூட்டில் செருகி வைத்தேன். "வுடு சுலோ. நான் போயி வேலயப் பாக்குறேன்" என்று அக்கா சமையலறைக்குப் போய்விட்டார். அங்கிருந்து பாத்திரம் உருட்டுகிற சத்தம் வந்தது, தேவைக்கு அதிகமாகவே வந்தது. சார் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தில் ஒரு ஐஸ்காரர் மணியடித்துக்கொண்டு போனார். வேப்பமர நிழல் பானெட்டின் மேல் ஏறி, கண்ணாடி வரைக்கும் வந்தது. காத்திருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

அப்போதுதான் செல்ஃப் எடுத்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்று ஓடியது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"தோ வந்துட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் காரைத்தான் பார்த்தோம், தொழில் புத்தி. பிறகு நான் ஜன்னலுக்குள் பார்த்தேன். ஏகாம்பரம் காரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, சமையலறை நிலைவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா அந்த நிலைவாசலில் வந்து நின்றார். "இன்னா வோணும்?" என்றார். அவர் தண்ணீர்ச் சொம்பைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை, விழவுமில்லை. அந்தச் சந்தில் இருந்தவர்கள் வண்டிச் சத்தம் கேட்டால், பாக்கியத்தை அவர் கூப்பிடுகிறார் என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். ஒரே நாளில் பல தடவை கூப்பிட்டு அவர் பெட்ரோலைக் காலி செய்தார் என்று தனசேகர் புலம்புவான். நான் எத்தனையோ வண்டிகளுக்கு எத்தனையோ விதமாக உசுப்பு வைத்துக் கொடுத்திருக்கிறேன். வேறு எதுவும் இப்படி ஒருவருக்கு வாயாக ஆனதில்லை.

சில வருஷங்கள் அப்படிப் போயின. பிறகு ஒரு மார்கழிக் காலையில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அன்றைக்கு வண்டி ஓடவில்லை.

பையன் துபாயிலிருந்து வந்து வீட்டை ஒழுங்குபடுத்தினான். காரைத் திருமழிசைப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கூடுதல் ஒயர் எதுவும் இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று நிபந்தனை. வைத்த கையே எடுக்கட்டும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

நான் போனபோது வீட்டில் அக்கா மட்டும் இருந்தார். கட்டிலில் மெத்தை இல்லை. ஜன்னல் சட்டத்தில் சாவி அப்படியே இருந்தது. டேஷ்போர்டைப் பிரிக்கலாமா என்று கேட்டேன்.

"காலைல அதத் தூங்க வெச்சிட்டுத்தான் கீறேன்" என்றார். "சுலோ, ஒண்ணு பண்றியா? நான் உள்ள போறேன். நீ அங்க குந்திகினு ஒரு தபா திருப்பு."

கட்டில் சட்டத்தின் மேல் உட்கார்ந்தேன். இரும்பு சில்லிட்டது. அவர் சமையலறைக்குள் போய், பாத்திரத்தை எடுத்து வைக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் பொறுத்திருந்தேன். இடது கையாலேயே திருப்பினேன். செல்ஃப் எடுத்தது.

"தோ வந்துட்டேன்."

வந்தார். கொசுவத்தைச் சொருகிக்கொண்டே வந்தார். வெளியே போகிற புடவை கட்டியிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கட்டிலைப் பார்க்காமல், என்னைப் பார்க்காமல், நேராக வாசலுக்குப் போய், காரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கக் கதவிடம் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். அந்தக் கதவு அவருக்குத் திறக்க வராது என்பது ஞாபகம் வந்து, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து ஓடினேன். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி இழுக்கப் போனேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காத" என்றார். "தொறந்தா நின்னுடும்னு நீதானே வெச்சே. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

கையை எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் மூடின கதவின் பக்கத்தில் நின்றோம். யாரும் தொடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றுபோகும், அதையும் நான்தான் வைத்திருந்தேன்.